பேரு வேணாம், ஊரச் சொல்லு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெரு முனை நூலகத்தில் வேலை பார்க்கும் பெண், பழகிய மனிதர் யாராவது ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள், சின்னப் புத்தகமாகப் போடுகிறோம் என்று எல்லோருக்கும் தாள் கொடுத்தது. எனக்கும் கொடுத்தது. ஒரு மாதம் அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எழுதினால் இவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். இவரைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டி வரும். அதுதான் தாமதம்.

அவர் பேரை எழுதவில்லை. அவருக்கே அது பிடிக்காது. "பேரு வேணாம், ஊரச் சொல்லு" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். ஊரை எழுதுகிறேன். அரிமளத்துக்குப் பக்கம்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அவர் கவுண்டரில் நின்றார். கார், வேன், லோடு வண்டி எல்லாவற்றுக்கும் அங்கே சாமான் கிடைக்கும். நான் அதே கடையில் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, அலமாரியில் இருக்கும் டப்பாக்களைத் தூசி தட்டுகிறவள். அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் புரட்டுவார். அடியில் பொடி எழுத்தில், எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருக்குமாம். கண்ணாடியை வைத்து அதைப் படித்துச் சொன்ன பிறகுதான் சாமான் கை மாறும். கம்பெனிப் பேரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

"பேரு நெத்தியில எழுதிக்கிறது. ஊருதான் முதுகுல இருக்கும். முதுகப் பாத்துட்டு வாங்கு" என்பார்.

வெளியிலும் இதே பழக்கம்தான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் டம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பார். செருப்பு வாங்கினால் அடிப்பாகத்தைப் படிப்பார். கடைக்கு எதிரே டீக்கடை இருந்தது. ஒருநாள் டீக்கடைக்காரர் வேண்டுமென்றே ஒரு வடையை இலையோடு அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, இதப் பொரட்டிப் பாத்து ஊரச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவே இல்லை. வடையை எடுத்துப் புரட்டினார். "உளுந்து பர்மா. எண்ணெய் மலேசியா. மொளகு வியட்நாமா இருக்கும். உப்பு தூத்துக்குடி. தட்டுன கை மட்டும்தான்யா புதுக்கோட்டை."

"அப்ப வடை எந்த ஊருங்கிறீங்க?"

"நான் தின்னு முடிச்சா அரிமளம்."

லோடு வண்டிக்காரர்கள் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு முந்தானைக்குள் சிரித்தேன்.

வளைகுடா நாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். அங்கே கார் சாமான்கள் வந்து இறங்கும் பெரிய கிடங்கில், எந்தப் பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்துப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார். "அங்க என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாதும்மா. சட்டையில குத்துன கார்டுல நாடு போட்டுருக்கும். இந்தியா, இங்க வா. இந்தியா, அதத் தூக்கு. நாலஞ்சு வருசத்துல எனக்கே என் பேரு மறந்துபோச்சு." சொல்லிவிட்டு ஒரு பேரிங்கை எடுத்துத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் என்னிடமும் பேரைக் கேட்கவில்லை.

"ஒங்களுக்கு எந்த ஊரும்மா?"

என்னைக் கட்டிக்கொடுத்த ஊரைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"அது வாக்கப்பட்ட ஊரு. நான் பொறந்த ஊரக் கேட்டேன்."

"ஆவூரு பக்கம்ண்ணே."

"அதச் சொல்லுங்க. பொம்பளைகளுக்கு டப்பாவ மாத்தி லேபிளும் மாத்தி ஒட்டிர்றாய்ங்க. நாமளாச்சும் நெனப்பு வச்சுக்கணும்ல."

அன்று முதல் அவருக்கு நான் ஆவூர்க்காரம்மா. என் பிறந்த ஊரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர், என் ஆத்தா அப்பன் போன பிறகு, அவர் ஒருவர்தான்.

ஒரு தடவை புதுக் கார் வாங்கிய வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து, என் கார் அசல் வெளிநாட்டுக் கார் என்று பெருமை பேசினார். அண்ணன் ஒரு செய்தித்தாளை விரித்து, கழற்றிப் போட்ட பழைய டைனமோ ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து அதில் வைத்தார். அதுவும் அதே கம்பெனிக் காரிலிருந்து வந்ததுதான். கண்ணாடி ஒவ்வொன்றின் மேலும் நகர்ந்தது.

"உடம்பு நம்ம நாட்டுல வார்த்தது. பேரிங் ஜப்பான். இந்தச் சின்னச் சில்லு தைவான். ஒயரு சைனா. பூட்டுனது மெட்ராசு. டப்பா அச்சடிச்சது சிவகாசியா இருக்கும்."

வாத்தியாருக்கு முகம் வாடிப்போயிற்று. "அப்ப சைனா சாமான்லாம் உள்ள இருக்குங்கிறீங்க."

"சைனான்னா மட்டம்னு எவன் சொன்னான் சார்? அங்க நல்லதும் செய்றான், கெட்டதும் செய்றான். கேக்குறவன் கேட்ட மாதிரி செய்றான். எல்லா ஊருலயும் அப்புடித்தான். செஞ்ச ஊரு தெரிஞ்சா, கெட்டுப்போனா அவன் சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம். ஊரு இல்லாத சாமானுக்கு யாரு சட்டையப் பிடிப்பீங்க?"

தினமும் அந்தப் பொடி எழுத்துகளைத் துடைத்துத் துடைத்து எனக்கும் மூன்று ஊர் அடையாளம் தெரிந்துவிட்டது. இங்கிலீசு எழுத்து தெரியாது, உருவம் தெரியும். மூன்றுக்கும் ஐந்து ஐந்து எழுத்துதான். தூண்டில் முள் மாதிரி ஆரம்பித்து, நடுவில் இரண்டு கூரை இருந்தால் ஜப்பான். குச்சி மாதிரி ஆரம்பித்தால் இந்தியா. பிறை மாதிரி ஆரம்பித்தால் சைனா. நான் இதைக் கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாது. சொல்ல வெட்கம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பெரிய முதலாளி இறந்து, மகன் கடைக்கு வந்தார். சின்ன முதலாளி நல்லவிதமாகப் பேசுகிறவர். ஒருநாள் என்னைப் பின்பக்கக் கிடங்குக்குக் கூப்பிட்டார். அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன.

"ஆத்தா, இனிமே நீங்க குனிஞ்சு பெருக்க வேணாம். ஒக்காந்த எடத்துல ஒரு வேலை. இந்த டப்பா மேல இருக்க லேபிள தின்னர் தொட்டு உரிச்சிட்டு, இந்தப் புது லேபிள ஒட்டணும். அவ்வளவுதான்."

உரிக்க வேண்டியது பிறை. ஒட்ட வேண்டியது தூண்டில் முள்.

எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் தெரிந்தது.

"அண்ணனுக்கு..." என்று இழுத்தேன்.

"அவருக்கு வயசாயிருச்சு ஆத்தா. சொன்னா சங்கடப்படுவாரு. நமக்குள்ள இருக்கட்டும்."

எனக்கு அப்போதே முழங்கால் போய்விட்டது. மகளும் வாழாமல் வீட்டோடு வந்திருந்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதும் என் கால் எனக்கு முந்திச் சம்மதித்துவிட்டது. பெயிண்டில் கலக்குகிற அந்தத் தின்னரைத் துணியில் நனைத்து ஓரத்தில் தடவினால் லேபிள் சுருண்டுகொண்டு வரும். பிசின் போகத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு புதியதைக் கோணாமல் ஒட்ட வேண்டும். நான் கோணாமல் ஒட்டுவேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதையும் எழுத வேண்டும்தானே.

அந்த டப்பாக்கள் கவுண்டருக்குப் போகும். பெரும்பாலும் பிரேக்குக்குள் போடுகிற ரப்பர் வாஷர்கள். இரும்புச் சாமான் என்றால் இரும்பிலேயே ஊர் பொறித்திருக்கும், மாற்ற முடியாது. இந்தப் பொடி ரப்பரில் ஒன்றும் இருக்காது, டப்பாவில் இருப்பதுதான். அவர் கண்ணாடியை வைத்து நான் ஒட்டிய லேபிளைப் படித்து, "ஜப்பான். தைரியமாப் போடு" என்பார். வாங்குகிறவர்கள் வேறு ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவர் வாயிலிருந்து வந்த ஊர் அவர்களுக்குப் போதும். அந்தக் குரல் சுவரைத் தாண்டிக் கிடங்கில் எனக்குக் கேட்கும்.

ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது மூக்கைச் சுருக்கினார்.

"ஆவூர்க்காரம்மா, கையில என்ன தின்னர் வாடை அடிக்குது?"

சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். கவுண்டரில் வேறு யாரும் இல்லை. அவரே கேட்கிறார். "வீட்டுல சன்னலுக்குப் பெயிண்டு அடிச்சோம்ண்ணே" என்றேன்.

"அப்புடியா. பெயிண்டு டப்பாவப் பொரட்டிப் பாத்தீகளா, எந்த ஊருன்னு?"

"பாக்கலண்ணே."

"இத்தன வருசம் என் கூட இருந்து என்னத்தப் படிச்சீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடற்கரைப் பக்கமிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வரும் ஒரு தம்பி உண்டு. அவர் வண்டி கடை வாசலில் நின்றால் பின்னால் பூனைகள் நிற்கும். "பூனைப் படையோட வந்துட்டான்யா" என்று அண்ணன் கேலி செய்வார். அந்தத் தம்பியும் சளைக்க மாட்டார். "மீனுக்கு ஊரு கேக்காதீங்கண்ணே, அது ராமேசுரத்துக்கும் சிலோனுக்கும் நடுவுல நீந்திக்கிட்டு இருந்துச்சு" என்பார். பிரேக் வாஷர் அவரும் வாங்கிப் போனார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "ஜப்பான். தைரியமாப் போடு."

கொஞ்ச நாளில் அறந்தாங்கி ரோட்டில், கண்மாய்க்கரை வளைவில், அந்த வண்டி பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் மோதிவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலோடு போயிற்று.

அந்த மீன் வண்டித் தம்பியின் கூடப்பிறந்த அண்ணன் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தார். பிரேக் ஆயிலில் ஊறி, பணியாரம் மாதிரி உப்பிப்போன ரப்பர் வாஷர். பக்கத்தில் அது வந்த டப்பா.

"மெக்கானிக் கழட்டிக் குடுத்தாரு. ஆயில் பட்டா ஊதுற ரப்பராம். இதப் போடவே கூடாதாம். வேற கடையில இன்னொண்ணு இருந்துச்சு. நீங்க ஊரச் சொன்னீங்கன்னுதான் தம்பி இதப் போட்டான்." அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

நான் கிடங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டப்பாவை எடுத்தார். புரட்டினார். கண்ணாடியை வைத்தார். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பினார். முழுதாக உரிந்து வந்தது. அடியில் நான் சரியாகத் துடைக்காமல் விட்ட பழைய லேபிளின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. டப்பாவை மூக்குக்குக் கொண்டுபோனார். முகர்ந்தார்.

நான் உள்ளே ஓடி என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்கே போவது? மடியில் துணி, முன்னால் தின்னர் டப்பா, சுற்றிலும் உரித்த லேபிள்கள் சுருண்டு கிடந்தன. அவர் வந்து நிலைப்படியில் நின்றார். லேபிள்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சன்னல் பெயிண்டு காஞ்சிருச்சா, ஆவூர்க்காரம்மா?" என்று கேட்டார்.

குரலில் கோபமே இல்லை. என் ஊர்ப் பேரை அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பிப் போய், கவுண்டரில் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையை விட்டு இறங்கிவிட்டார். மறுபடியும் அந்தப் படி ஏறவில்லை.

நானும் அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. கடையை ஒரேயடியாக மூடும் வரை இருந்தேன். லேபிள் வேலை மட்டும் சில மாதம் நின்றிருந்தது. பிறகு அதுவும் வந்தது.

அவர் என்ன செய்தார் என்பது டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் யாருக்கு அந்த வாஷரைக் கொடுத்தோம் என்று நினைவில் வைத்து, பஸ் ஏறி ஊர் ஊராகப் போனாராம். அறந்தாங்கி, பொன்னமராவதி, கீரனூர் என்று எங்கெங்கோ. வண்டி நிற்கிற இடத்துக்கே போய், "நான் சொன்ன ஊரு தப்பு. அதக் கழட்டிரு" என்று சொல்வாராம். ஏன் தப்பு, யார் செய்தது என்று சொல்லவே மாட்டாராம். சிலர் கழற்றினார்கள். பலர் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணே, அன்னைக்கு ஜப்பான்னு சொன்னதும் நீங்க, இன்னைக்கு இல்லங்கிறதும் நீங்க. எந்த வாயி நெசம்?" என்று கேட்டாராம். வேறு கடைக்காரன் கைக்கூலி கொடுத்து ஏவிவிட்டான் என்று சின்ன முதலாளி பரப்பியதும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வண்டி ஸ்டாண்டில் அவர் தலை தெரிந்தாலே, "ஜப்பான் வர்றாருடா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பேரில்லாமல், நாட்டின் பேரால் கூப்பிடுகிறது இங்கேயும் அவரை விடவில்லை.

எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது பாதரிடம் நான் இதைச் சொன்னேன். பாதர் கேட்டுவிட்டு, "எங்கிட்டச் சொன்னது சரிம்மா. அந்த மனுசங்கிட்டச் சொன்னீங்களா?" என்றார். போகவேண்டும் போகவேண்டும் என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டு பழ வண்டியில் ஆப்பிள் வாங்கினேன். அரிமளம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனைதான். பாதருக்குச் சொன்னதையே வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் சம்சாரம் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது. "இங்க பாருங்க யாரு வந்துருக்கான்னு. ஆவூர்க்காரம்மா." என்னிடம் திரும்பி, "ஒங்களப் பத்தி இவுக ஒரு சொல்லு தப்பாச் சொன்னதில்ல" என்றது. அது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கயிறும் கண்ணாடியும் இல்லை. "இப்ப எதையும் பொரட்டுறதே இல்லம்மா. குடுக்குறதத் திங்கிறாக, குடுக்குறதக் குடிக்கிறாக" என்றது சம்சாரம். நான் பையிலிருந்து ஆப்பிள்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, பழைய மாதிரியே, மெதுவாகப் புரட்டினார்.

அவர் பெருவிரல் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிசின்.

அப்போதுதான் என் நகத்தைப் பார்த்தேன். பழத்தில் ஒட்டியிருந்த லேபிள்களை வழியெல்லாம் நான் உரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பஸ்ஸில் மனசு ஒரு பக்கம் இருக்க, கை அதன் வேலையைச் செய்திருக்கிறது.

"இது எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

பழ வண்டிக்காரன் கூவியது காதில் இருந்தது. "காஷ்மீருண்ணே" என்றேன்.

"அப்புடியா" என்றார். பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சம்சாரம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதமே அவர் இறந்துபோனார். துட்டி கேட்கப் போனவர்களோடு போய், வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆப்பிள் லேபிள்களில் ஒன்று என் பைக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எடுத்துச் செபப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தேன். இதுவரை ஒருவரிடமும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்த மூன்று உருவமும் அதில் இல்லை. அதை இப்போது உரித்து இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.

நூலகத்துப் பாப்பா, மற்ற எழுத்துப் பிழைகளையும் சாமான் பேர்களையும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள். இந்த லேபிளை மட்டும் நீயே படித்துப் பார். காஷ்மீர் என்று இருந்தால், ஒரு தடவையாவது அவரிடம் நான் சரியான ஊரைச் சொல்லியிருக்கிறேன் என்று ஆகும். வேறு ஊராக இருந்தால் அந்த ஊரை இதற்குக் கீழே எழுதிவிடு. எனக்காக மாற்றி எழுதாதே.